ஏலமலைத் தொழிலாளரை எட்டுமா வெளிநாட்டுச் சட்டங்கள்?

புது தில்லி: பிரிட்டனில் ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு மேல் வருவாய் ஈட்டும் எந்த நிறுவனமும், தனது சரக்கு வந்து சேரும் வழியில் எங்கேனும் அடிமை உழைப்பு கலந்துள்ளதா என்பதைக் கண்டறிய என்ன செய்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. இதற்கு முன்னோடி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். 2010-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம் 2012 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆஸ்திரேலியா 2018-இல் பின்தொடர்ந்தது. கனடாவின் சட்டம் 2024 ஜனவரி முதல் அமலானது.

இந்தச் சட்டங்கள் குறிப்பிடும் "வழி" மிகவும் நீளமானது. லண்டன் கடையின் அலமாரியில் தொடங்கி, இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர், ஏலக் கூடம், வியாபாரி, தோட்டம் எனப் பின்னோக்கிச் சென்றால், அதன் மறுமுனை தேனி மாவட்டத்துத் தெருக்களில் விடியுமுன் வந்து நிற்கும் ஜீப்புகளில் முடியக்கூடும். கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் பகுதிகளின் பெண்கள் நாள்தோறும் அந்த ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கவும், களை வெட்டவும், கவாத்து செய்யவும் செல்கின்றனர். இருட்டும் வேளையில் திரும்புகின்றனர். கொண்டை ஊசி வளைவுகளில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் கவிழ்வதும், மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அது நாலு வரிச் செய்தியாவதும் இப்பகுதிக்குப் பழகிப் போனவை.

இவர்கள் அடிமைகளா? இல்லை. தமிழகத்தில் கிடைப்பதைவிட மலைமேல் கூலி கூடுதல் என்பதால் தாமாகவே செல்பவர்கள். ஆனால், "அடிமைகள் இல்லை" என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு விவாதத்துக்குரியது. வெளிநாட்டு நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் அந்த ஒற்றை விடையோடு நின்றுவிடுகின்றன.

உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கம்

இந்தியாவுக்கு இவ்விஷயத்தில் பிறரிடமிருந்து இரவல் வாங்க வேண்டிய இலக்கணம் எதுவும் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தலைநகரில் கட்டுமானப் பணிகள் நடந்தபோது, தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மறுக்கப்பட்டது குறித்து ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1982-இல் நீதிபதி பி.என். பகவதி வழங்கிய தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று கூறியது. சாட்டையும் சங்கிலியும் மட்டுமே கட்டாயம் அல்ல. வேறு வழியற்ற வறுமை ஒருவரை வேலையில் தள்ளினால் அதுவும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கொத்தடிமை முறை (ஒழிப்பு) சட்டம் அதற்கும் முந்தையது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முன்பணம் வாங்கிய ஒருவர், அதற்கு ஈடாக வேறிடத்தில் வேலை செய்யும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ இழந்தால் அவர் கொத்தடிமை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். இத்தனை கூர்மையான சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் நாடு, 2030-க்குள் 1 கோடியே 84 லட்சம் கொத்தடிமைகளை மீட்பதாக 2016-இல் அறிவித்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் மீட்கப்பட்டோரின் எண்ணிக்கையோ சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று தனது அறிக்கையை இந்திய உச்ச நீதிமன்றத்தின் இந்த விளக்கத்தை வைத்து எழுதினால், அந்த அறிக்கையின் வாசகம் வேறாக இருக்கும். அப்படி எழுதச் சொல்லும் சட்டம் பிரிட்டனில் இல்லை. அது மட்டுமல்ல, "இந்த ஆண்டு இதற்காக எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டாலும் 54-ஆவது பிரிவின்படி நிறுவனம் தனது கடமையை முடித்துவிட்டதாகவே பொருள். தவறினால் அபராதமும் இல்லை. கனடா மட்டும் 2.5 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்க இடம் வைத்துள்ளது.

முன்பணத்தின் வரலாறு

மலைத்தோட்டங்களில் முன்பணம் என்பது நேற்று முளைத்ததல்ல. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காட்டை அழித்துத் தோட்டமாக்க ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வறண்ட கிராமங்களில் முன்பணத்தை நீட்டி ஆள் சேர்த்தனர். கணக்கு கங்காணியிடம் இருந்தது. கடன் தொழிலாளியின் தலையில் இருந்தது.

அன்றைய சட்டம் யார் பக்கம் நின்றது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1859-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டு ஓடியவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் 1925-இல்தான் அது ரத்து செய்யப்பட்டது. திருவிதாங்கூரிலும் இதே வகைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சட்டப் புத்தகத்தில் அடிமை முறை ஒழிந்த பின்னர், சட்டப் புத்தகத்தின் துணையோடே நடந்த ஏற்பாடு இது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கொழுந்து பறித்த கைகள் தமிழகத்துடையவை, லயங்கள் கேரளத்தில். அப்போது விழுந்த கோடு இன்றுவரை பல கோப்புகளை இரண்டாக வெட்டிக் கொண்டிருக்கிறது.

2015 செப்டம்பரில் அந்தக் கைகள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாறில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தனர். கட்சித் தலைவர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் விடவில்லை. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் "பெண்பிள்ளை ஒற்றுமை". மலையாளத்தில் "பொம்பிளை ஒருமை". ஒன்பது நாள் மறியலுக்குப் பின் 20 சதவீதத் தொகை கிடைத்தது. நாள் கூலியை 500 ரூபாயாக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அதுவரை 232 ரூபாயாக இருந்த தேயிலைத் தோட்டக் கூலி 301 ஆக உயர்ந்தது. சங்கமும் வருங்கால வைப்பு நிதியும் உள்ள தோட்டங்களின் நிலையே இது. இவை எதுவும் எட்டாத ஏலத் தோட்டங்களின் நிலையை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

இந்தத் தோட்டங்களின் குடியிருப்பு எத்தகையது என்பதை 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு நாடு அறிந்தது. ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. தலைமுறைகள் கடந்தும் சொந்த மனையின்றி, வேலை இருக்கும்வரை மட்டுமே வீடு என்று வாழ்ந்த குடும்பங்கள் அவை. வேலையை விட்டால் கூரையும் போகும் என்ற நிலையில் ஒருவர் வேலையை விடச் சுதந்திரம் பெற்றவரா என்ற கேள்வி எந்த நிறுவனத்தின் அறிக்கைப் படிவத்திலும் இல்லை.

சான்றிதழும் சரக்கும்

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனவீவ் லெபரோன் தலைமையிலான குழு, அசாம், கேரள மாநிலங்களின் தேயிலைத் தோட்டங்களையும் ஆப்பிரிக்க நாடான கானாவின் கோகோ தோட்டங்களையும் ஆராய்ந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. "நெறிமுறைப்படி விளைந்தது" என்று சான்றிதழ் பெற்ற தோட்டங்களுக்கும் பெறாதவற்றுக்கும் தொழிலாளர் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. நுகர்வோர் பார்ப்பது பொட்டலத்தின் மேலுள்ள முத்திரையை. அதற்குள் இருக்கும் கூலிக் கணக்கை அல்ல.

தேயிலையிலாவது ஓரளவு தடம் பிடிக்க முடியும். ஏலக் கூடத்துக்கு வரும்போது தோட்டத்தின் பெயர் மூட்டையோடு வருகிறது. ஏலக்காயின் கதை வேறு. இடுக்கியில் பெரும்பாலானவை சிறு தோட்டங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்களுக்கே பொருந்தியது. எனவே குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் போன்ற அதன் பாதுகாப்புகள் ஏலமலையின் பெரும்பகுதிக்கு எட்டவே இல்லை. காய், தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்து, புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. வாங்கிய வியாபாரி அதைச் சலித்து, பருமன் வாரியாகவும் நிறம் வாரியாகவும் பிரித்துப் பிற சரக்கோடு கலக்கிறார். ஏற்றுமதியாகும் மூட்டையில் எட்டு மில்லிமீட்டர் காய் இருக்கும்; அது எந்தத் தோட்டத்துக் காய் என்பது இருக்காது.

தடம் பிடிக்கவே முடியாது என்று வியாபாரிகள் சொன்னால் அதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கூறி சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பியபோது, இங்கு ஆய்வகங்கள் பரபரப்பாயின. எந்தத் தோட்டத்தில் எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்ற பேச்சு வந்தது. 2024-இல் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாத் தூள்களைத் தடுத்தபோதும் வாரியம் உடனடியாகப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. வாங்குபவர் கேட்டால் மருந்தின் தடத்தை வாரியத்தால் தேட முடிகிறது. கூலியின் தடத்தை இதுவரை எவரும் அவ்வளவு அழுத்தமாகக் கேட்கவில்லை. ஏலக்காயின் பெரும் சந்தையான வளைகுடா நாடுகளில் பிரிட்டனைப் போன்ற வெளிப்படுத்தல் சட்டம் இல்லாததும் இதற்கு ஒரு காரணம்.

செபியின் படிவம்

உள்நாட்டிலும் ஒரு படிவம் உண்டு. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் "பொறுப்பான வணிகம் மற்றும் நீடித்த தன்மை அறிக்கை" தாக்கல் செய்ய வேண்டும் என்று செபி 2021 மே மாதம் உத்தரவிட்டது. 2022-23 நிதியாண்டு முதல் அது கட்டாயம். கட்டாய உழைப்பு, குழந்தைத் தொழிலாளர், குறைந்தபட்சக் கூலி பற்றிய கேள்விகள் அதில் உள்ளன. ஆனால் அவை நிறுவனத்தின் சொந்த ஆலைகளையும் அலுவலகங்களையும் பற்றியவை. சரக்கு வழங்குவோர் பற்றிய கேள்விகள் விருப்பப் பகுதியில் வைக்கப்பட்டன. முதல் 250 நிறுவனங்கள் தமக்குச் சரக்கு வழங்குவோர் பற்றியும் விவரம் தர வேண்டும், இல்லையேல் விளக்கம் தர வேண்டும் என்று 2023-இல் செபி ஒரு படி முன்வைத்தது. தொழில் துறையினர் சுமை என்று முறையிட்டனர். 2025 மார்ச்சில் அதுவும் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஐரோப்பாவிலும் இதே காற்றுதான். நிறுவனங்கள் வெறுமனே அறிக்கை தராமல், தீங்கைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறை, அமலாகும் முன்பே 2025-இல் ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டது.

வெறும் அறிக்கைக்கும் வணிக இழப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காண, ஏலமலையின் கிழக்கே உள்ள திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்கலாம். அங்கு ஓர் ஆயத்த ஆடை ஆலையில் பணியாற்றிய தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு வணிகப் பெயர்களும் "திண்டுக்கல் ஒப்பந்தம்" எனப்படும் கட்டுப்படுத்தும் உடன்பாடுகளில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, 1930-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 307-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தியது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த சீர்திருத்தங்களைக் கண்டு செப்டம்பரில் தடையை நீக்கியது. சங்கம் இருந்ததும், சரக்கு நின்றுபோகும் என்ற அச்சம் இருந்ததும் அங்கு சேர்ந்து வேலை செய்தன. ஏலமலையில் இரண்டுமே பலவீனம்.

யாருடைய பொறுப்பு?

ஜீப்பில் செல்லும் பெண்ணின் வழக்கை எடுத்துக் கொள்வோம். அவரை வேலைக்குச் சேர்ப்பது தேனியில். வேலை நடப்பது இடுக்கியில். கூலி பாக்கி என்றாலோ முன்பணத்துக்காக மறிக்கப்பட்டாலோ எந்த மாவட்டத்தின் கண்காணிப்புக் குழுவிடம் செல்வது? அழைத்துச் சென்றவர் சட்டத்தின் பார்வையில் ஒப்பந்ததாரரா, கங்காணியா, வெறும் ஓட்டுநரா? 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரை அழைத்து வந்தாலே பொருந்தியது. ஒப்பந்ததாரர் ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன், அவருக்குத் தெரிந்த மொழியில் கணக்குப் புத்தகம் தர வேண்டும் என்றது. தமிழகம்-கேரள எல்லையில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். அச்சட்டமும் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இப்போது 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு அதை அமல்படுத்தியுள்ளது. ஐந்து என்ற எண் அதில் பத்தாகியிருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் கதை சற்று மாறும், கேள்வி மாறாது. நெல்லியாம்பதி மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உள்ளன. கீழே சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, முதலமடை, கோவிந்தாபுரம் பகுதிகளில் மாந்தோப்பு வேலைக்கும் வயல் வேலைக்கும் தமிழ் பேசும் கூலித் தொழிலாளர்களே பெருமளவு. தமிழகத்தில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சலுகை இங்கு இல்லை. கேரளத்தில் கிடைக்க வேண்டியதைக் கேட்கவோ மொழி தடை.

எல்லை என்பது அமைதிக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டனர். குடும்பம் குடும்பமாகக் காட்டு வழியே தேனிக்கு இறங்கினர். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் போக்குவரத்து முடங்கியபோது, பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போடி அருகே இராசிங்கபுரத்துக்கு மலைக்காட்டு வழியே நடந்து திரும்பியவர்களில் சிலர், ஒரு குழந்தை உட்பட, காட்டுத் தீயில் சிக்கி உயிரிழந்தனர்.

மலையிலிருந்து போடிக்கு இறங்கும் ஏலக்காய்ச் சரக்கின் மதிப்பு 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். அனுப்புபவர், பெறுபவர், வாகன எண், எடை அனைத்தும் அதில் பதிவாகும். மேலே ஏறும் ஜீப்பில் இருப்பவரின் பெயர், செல்லும் தோட்டம், பேசிய கூலி, வாங்கிய முன்பணம் ஆகியவற்றைப் பதியும் ஏற்பாட்டை இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து செய்வது, இத்தனை நிர்வாக வசதி உள்ள காலத்தில் பெரிய காரியமல்ல. இரு மாவட்டக் கண்காணிப்புக் குழுக்களும் ஆண்டுக்குச் சில முறையேனும் ஒன்றாகக் கூடலாம். நதிநீருக்குக் கூடிப் பேசும் அரசுகள் இதற்கும் கூடலாம்.

தலைநகரில் வர்த்தக அமைச்சக வட்டாரத்துக்கு இதைத் தள்ளிப்போட அதிக அவகாசம் இல்லை. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் பற்றித் தனி அத்தியாயமே இடம்பெற்றுள்ளது. கட்டாய உழைப்பில் உருவான எந்தப் பொருளும் தனது சந்தைக்குள் நுழையக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 டிசம்பர் 14 முதல் அமலாகிறது. அதில் நிறுவனத்தின் அளவுக்கு வரம்பு இல்லை. எனவே சிறு தோட்டத்துக் காயும் அதன் கேள்விக்கு உட்பட்டதே. அன்று ஏற்றுமதியாளரிடம் கேட்கப்படும் தாள்களில் ஏலச் சீட்டும் ஆய்வகச் சான்றும் இருக்கும். கூலிப் பதிவேடு இருக்க வேண்டுமானால், அடுத்த காய் எடுப்புப் பருவத்திலேயே கம்பத்திலும் போடியிலும் அதை எழுதத் தொடங்க வேண்டும்.